புதுப்பிப்பு: அல்ஜினேட் அச்சும் பியூமிஸ் தட்டும்

ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பல் லேப்களுக்காகப் போட்ட இழையில், கிருமி போக, அல்ஜினேட் அச்சை (வாயில் பல்லுக்கு அளவெடுக்கும் ஜெல் அச்சு) ப்ளீச்சில் முக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். திருத்திக்குங்க, ஸ்ப்ரேதான் பத்திரம். ரொம்ப நேரம் ஊறினா தண்ணியை உறிஞ்சி உப்பிரும், பல் செட்டு சரியா உட்காராது.

முதல்ல எச்சில், ரத்தம் போக அலசுங்க. அழுக்கு இருந்தா குளோரின் அதிலேயே தீர்ந்துரும். 5% ப்ளீச் 1 பங்கு, தண்ணி 9 பங்கு. அடிச்சு, ஜிப் கவரில் 10 நிமிடம் மூடி, மறுபடி அலசி உடனே ஸ்டோன் (பல் மாதிரி எடுக்கும் ஜிப்சக் கலவை) ஊத்துங்க. சித்திரை வெயிலுக்குக் கலவை வீரியம் சீக்கிரம் குறையும். தினமும் புதுசாக் கலக்கணும். கோபால்ட்-குரோம் ஃப்ரேமில் (செட்டின் உலோகச் சட்டம்) ப்ளீச் படவிடாதீங்க, அரிச்சிரும்.

எனக்குப் பெரிய கவலை பியூமிஸ்தான், அதாவது செட்டைப் பாலிஷ் போடுற எரிமலைக்கல் தூள். நாள் பூரா ஒரே குழம்பில் தேய்ச்சா ஒருத்தர் வாய்க் கிருமி இன்னொருத்தர் செட்டுக்குப் போகும். ஒரு செட்டுக்கு ஒரு கைப்பிடி, மீந்ததைக் கொட்டிருங்க. துணி பஃப்பை (பாலிஷ் சக்கரம்) துவைச்சு, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) பண்ணுங்க.