28 பேர், ஒரே ஒரு டெலஸ்கோப்: ஜவ்வாது மலைல ஒரு ராத்திரி எப்படி ஓட்டுறது?

மொட்டைமாடி_வேலூர்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். என்கிட்ட 8 இன்ச் டாப்சோனியன் (கையால தள்ளி திருப்புற டெலஸ்கோப்) ஒண்ணு இருக்கு, 1200 எம்எம் குவியத்தூரம், கூட வந்த 25 எம்எம், 10 எம்எம் ஐபீஸ் (கண்ண வச்சு பாக்குற லென்ஸ்) ரெண்டுதான் வச்சிருக்கேன். எங்க அபார்ட்மெண்ட் ஆளுங்கள ஒரு ராத்திரி மலைக்கு கூட்டிட்டு போயி வானம் காட்டலாம்னு பிளான்.

போன வருஷம் ஒரு தடவ பண்ணி மானம் போச்சு, அதையும் சொல்லிடுறேன். மலை மேல ஒரு ரிசார்ட்ல ஏற்பாடு பண்ணோம், லைட் எல்லாம் ஆஃப் பண்ணிடுறோம்னு சொன்னாங்க, பண்ணாங்க, ஆனா தோட்டத்துல தென்னை மரத்துக்கு அடிச்சிருந்த பச்ச ஃபோகஸ் லைட்டுக்கு சுவிட்ச் எங்கன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. நான் கஷ்டப்பட்டு ஓரியன் நெபுலாவ (வானத்துல இருக்க வாயு மேகம்) பிடிச்சு வச்சா ஒரு அங்கிள் பாத்துட்டு "தம்பி கண்ணாடில ஏதோ அழுக்கு இருக்கு, தொடச்சிடுப்பா"ன்றாரு. அதுக்கு அப்பறம் எல்லாரும் கேம்ப் ஃபயர் பக்கம் போயிட்டாங்க.

இந்த தடவ ஆலங்காயம் தாண்டி மேல ஏறினா ஃப்ரெண்டோட நிலம் இருக்கு, சாமை அறுத்துட்டு காலியா கிடக்கு, பக்கத்துல வீடு ஒண்ணே ஒண்ணு, அதுவும் அவன் வீடுதான். 2026 பிப்ரவரி 14 சனிக்கிழமை போகலாமா, இல்ல 15 ஞாயிறு சிவராத்திரி, எப்படியும் கண் முழிக்கிற ராத்திரி தான, அன்னைக்கு வச்சுக்கலாமான்னு ஒரு கேள்வி. ரெண்டாவது, 28 பேர் வராங்க, அதுல 11 பசங்க, இதுக்கு 10 இன்ச் டெலஸ்கோப் ஒண்ணு வாடகைக்கு எடுத்தா "அழுக்கு" பிரச்சன தீருமா? மூணாவது, எத முதல்ல காட்டுறது?

ராக்கோழி:

ப்ரோ 10 இன்ச் எல்லாம் விடுங்க, முதல்ல கணக்கு போடுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்னு வச்சாலும் 28 நிமிஷம், நடுவுல பூமி சுத்துறதால வியாழன் நகந்துக்கிட்டே இருக்கும், உங்க 10 எம்எம் ஐபீஸ்ல (120 மடங்கு) ஒரு ஓரத்துல இருந்து அடுத்த ஓரத்துக்கு போக ஒன்றரை நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட ஆகும், அவ்ளோதான், அதனால ரெண்டு பேருக்கு ஒருக்கா நீங்க குழாய நகத்தி நடுவுல கொண்டு வரணும், யாராச்சும் கண்ணாடிய கழட்டிட்டு ஃபோகஸ் மாத்துவாங்க, பசங்க ஐபீஸ பிடிச்சு தொங்குவாங்க, ஆக மொத்தம் ஒரு பொருளுக்கு 40 நிமிஷம். ராத்திரி 7 டூ 11 போட்டா ஆறே ஆறுதான் காட்ட முடியும். 10 இன்ச் கொண்டு வந்தாலும் க்யூ அதே க்யூதான், ரெண்டாவது டெலஸ்கோப் கிடைச்சா எடுங்க, பெருசு வேணாம், சின்னதா இருந்தாலும் பரவால்ல. அதுவும் இல்லனா 10x50 பைனாகுலர் ரெண்டு வாங்கி க்யூல நிக்கிறவங்க கைல கொடுத்துடுங்க. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உங்க டெலஸ்கோப்ல முழுசா அடங்கவே அடங்காது, பைனாகுலர்ல தான் அழகு.

வரிசை: இருட்டினதும் சனி மேக்க இறங்கிட்டு இருக்கும், ஏழரைக்குள்ள பாத்தா தான் உண்டு, 28 பேரும் அதுக்குள்ள பாக்குறது நடக்காத காரியம், ஏழரை சனி நமக்கு தான் புடிக்கும். அதோட வளையம் 2025 மார்ச்ல விளிம்ப நமக்கு காட்டிட்டு இப்ப தான் மெல்ல திரும்புது, கோடு மாதிரி தான் தெரியும், படத்துல பாத்த சனிய எதிர்பாத்து வந்தவன் கடுப்பாவான். என்ன கேட்டா சனிய விட்டுடுங்க. வியாழன்ல ஆரம்பிங்க, மிதுனத்துல பளிச்சுனு இருக்கு. முதல்ல வெளிச்சமானது, அப்பறம் மங்கலானது, இத மாத்தவே மாத்தாதீங்க, வியாழன பாத்த கண்ணுக்கு உடனே நெபுலா தெரியாது.

இன்னொண்ணு, ஒன்பதே முக்கால் வாக்குல வியாழன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துடும். டாப்சோனியன் வச்சிருக்கவனுக்கு அது நரகம், நேரா மேல பாக்குற குழாய இடம் வலமா தள்ளவே வராது. எட்டு எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க.

ஆலங்காயத்தான்:

தம்பி, நான் இந்த ஊர்க்காரன். சிவராத்திரி அன்னைக்கு மலை பக்கமே வந்துடாதீங்க. தேய்பிறை சதுர்த்தசி, நிலா விடியக்காலம் தான் எட்டிப் பாக்கும், கணக்குப்படி அருமையான இருட்டு, ஆனா அன்னைக்கு ஒவ்வொரு கோயில்லயும் சீரியல் செட்டு, டியூப்லைட்டு, ஸ்பீக்கரு, விடிய விடிய ஜனங்க. சாமிய குத்தம் சொல்லல, அந்த ராத்திரி அவருக்கு, நீங்க சனிக்கிழமை வாங்க.

காவலூர் வானாய்வகம் அங்க இருந்து பக்கம் தான், அத பசங்களுக்கு சொல்லுங்க. 1986 ஜனவரில ராஜீவ் காந்தி வந்து அந்த 93 இன்ச் டெலஸ்கோப்ப தொறந்து வச்சப்ப நான் பள்ளிக்கூடத்து பையன், அதுக்கு இப்ப வானியலாளர் வைணு பாப்பு பேரு. அதுக்கும் முன்னாடி இருந்தே அங்க ஒரு மீட்டர் டெலஸ்கோப் ஒண்ணு இருக்கு, 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைச்சப்ப அதுக்கு வளையம் இருக்குன்னு வெளிய வந்ததுல அந்த டெலஸ்கோப்புக்கும் பங்கு உண்டு. சனிக்கிழமைல பொதுமக்கள விடுவாங்க, வர்றதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்துல நேரம் பாத்துக்கங்க.

பட்டா நிலமா இருந்தாலும் 28 பேர் கார்ல ராத்திரி வந்து இறங்கினா ஊர்ல என்னமோ ஏதோன்னு நினைப்பாங்க, முன்னாடியே ஊர்ல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க. காப்புக்காடு பக்கம் நடக்க போறேன்னு யாரும் கிளம்பக் கூடாது. அறுத்த நிலத்துல கட்டை குத்தும், பூச்சி பொட்டு இருக்கும், செருப்பு வேணாம் ஷூ போடச் சொல்லுங்க.

அப்பறம் பனி. தைப் பனி தரையத் தொளைக்கும் மாசிப் பனி மச்சத் தொளைக்கும்னு சும்மா சொல்லல. பத்து மணிக்கு மேல உங்க ஐபீஸும் குழாய் மேல இருக்க சின்ன கண்ணாடியும் மூடிக்கும், அப்ப எல்லாரும் "மேகம் வந்துடுச்சு"ம்பாங்க. துணியால தொடைக்காதீங்க, கோடு விழுந்துடும். யோகா மேட் பழசு இருந்தா வெட்டி குழாய் வாய்ல ஒரு முழம் நீட்டமா சுத்தி கட்டுங்க, ஐபீஸ மாத்தி மாத்தி சட்டப் பைல வச்சுக்கங்க, உடம்பு சூடே போதும்.

ஸ்டாக்கிங்_சிவா:

எல்லாரும் பழைய காலத்துலயே இருக்கீங்க :) சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் ஒண்ணு வச்சா க்யூவே வேணாமே. அதுவே தேடும், அதுவே ட்ராக் பண்ணும், பத்து பத்து செகண்ட் படமா எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும், அஞ்சு நிமிஷத்துல ஓரியன் நெபுலா ரோஸ் கலர்ல டேப்லெட் ஸ்க்ரீன்ல வந்துடும், 28 பேரும் ஒரே நேரத்துல பாக்கலாம், அந்த அங்கிள் வாயும் அடைபடும். என்கிட்ட இருக்கு, நான் வேணா வரேன்.

ராக்கோழி:

சிவா ப்ரோ தப்பா நினைக்காதீங்க, டேப்ல பாக்குறதுக்கு வேலூர் மொட்டை மாடியே போதுமே, எதுக்கு மலை ஏறணும்? நீங்க அந்த ஸ்க்ரீன தொறந்த நிமிஷம் சுத்தி இருக்க 20 பேர் கண்ணும் காலி. இருட்டுக்கு கண்ணு முழுசா பழக 20லேந்து 30 நிமிஷம் ஆகும், கெடுக்க ஒரு வாட்ஸ்அப் போதும்.

டீச்சரம்மா_திமலை:

சண்ட வேணாம் தம்பிங்களா, ரெண்டும் வைக்கலாம். நாங்க ஸ்கூல் பசங்களோட செஞ்சப்ப டேப்ப ஒரு வேனுக்குள்ள வச்சு கண்ணாடிக்கு போர்வை போட்டு மூடிட்டோம், கண்ணால பாத்து முடிச்சவங்க மட்டும் கடைசியா போயி கலர் படம் பாக்கலாம்னு சொல்லிட்டோம். முதல்ல கலர காட்டினீங்கன்னா அப்பறம் டெலஸ்கோப்ல தெரியுற சாம்பல் பூச்சு யாருக்கும் பிடிக்காது.

அந்த அங்கிள் மேல தப்பே இல்ல, அவருக்கு எப்படி பாக்கணும்னு யாரும் சொல்லித் தரல. மங்கலான பொருள நேரா முறைச்சா மறையும், ஓரக்கண்ணால பாத்தா தெரியும், மங்கின வெளிச்சத்துக்கான செல்லுங்க கண்ணுல நடுவுல இல்லாம சுத்தி தான இருக்கு. நான் பசங்ககிட்ட "மிட்டாய் கடைய அம்மாவுக்கு தெரியாம பாப்பீங்கள்ல, அப்படி பாருங்க"ன்னு சொல்லுவேன், டக்குனு பிடிச்சிப்பாங்க. கலர் தெரியாது, பறவை றெக்க விரிச்ச மாதிரி புகை தெரியும், அது 1300 ஒளியாண்டு தூரத்துல இப்பவும் நட்சத்திரம் பொறந்துகிட்டு இருக்க இடம்னு க்யூல நிக்கும்போதே சொல்லிடுங்க, ஐபீஸ்கிட்ட வந்தப்பறம் சொன்னா யாரு காதுலயும் ஏறாது.

பசங்களுக்கு முக்காலி போட்டு "ஒரு கை முக்காலில, இன்னொரு கை முதுகுல"ன்னு ரூல் போடுங்க, ஐபீஸ் தப்பிக்கும். எட்டு மணிக்கு வியாழனையும் பக்கத்துல இருக்க நிலாக்களையும் நோட்ல புள்ளி வச்சு வரையச் சொல்லுங்க, பதினொரு மணிக்கு மறுபடி வரையச் சொல்லுங்க, அயோன்ற நிலா வியாழன ஒரு சுத்து சுத்த 42 மணி நேரம் தான், மூணு மணி நேரத்துல இடம் மாறியிருக்கும். கலிலியோ 1610ல பண்ணது இதத்தான். க்யூல சும்மா நிக்கிற தொல்லையும் தீரும்.

டார்ச்சுக்கு ஸ்வீட் பாக்ஸ் மேல சுத்துற செவப்பு கண்ணாடி பேப்பர் நாலு மடிப்பு. அப்பறம் கார்! கதவு தொறந்தா உள்ள எரியுற லைட்ட ஆஃப்ல வச்சு மேல டேப் ஒட்டிடுங்க, சாவிய கைல வச்சிருக்கவங்க எல்லார்கிட்டயும் வாங்கி ஒரு டப்பால போட்டுடுங்க. லேடீஸுக்கு பாத்ரூம் ஏற்பாடு என்னன்னு யாருமே கேக்கல பாருங்க, அந்த ஒரு வீட்ட நம்பி தான்னா வீட்டுல வெளி லைட்ட அணைச்சு உள்ள செவப்பு பேப்பர் ஒட்டின பல்பு போட்டுக்கங்க.

மொட்டைமாடி_வேலூர்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, குறிப்பா டீச்சர் மேடம், பாத்ரூம் சுத்தமா மறந்தே போச்சு. சனிக்கிழமையே முடிவு. ஒரே ஒரு டவுட்டு, பதினொரு மணிக்கு அப்பறம் ஒரு அஞ்சாறு பேர் இருப்போம்னு நினைக்கிறேன், அப்ப பாக்க என்ன இருக்கு?

ஆலங்காயத்தான்:

அப்பதான் தம்பி கச்சேரியே. ஒன்பது மணிக்கு நேர் தெக்க அகத்தியர் நட்சத்திரத்த எல்லாருக்கும் காட்டிடுங்க, வடக்கத்திக்காரங்களுக்கு அது அடிவானத்துல ஒட்டிக்கிட்டு தான் இருக்கும், நமக்கு நல்லா ஏறி நிக்கும். பதினொன்னுக்கு வடகிழக்குல சப்தரிஷி ஏறும், கல்யாணத்துல பட்டப்பகல்ல காட்டுன அருந்ததிய அப்ப நிஜமா பாக்கலாம், டெலஸ்கோப்ல வச்சா பக்கத்து நட்சத்திரமான வசிஷ்டரே ரெண்டா பிரிவாரு. ரெண்டு மணிக்கு மேல தென்கிழக்க ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம், அதுக்கு 25 எம்எம் போடுங்க. மூணரைக்கு மேல விருச்சிகத்துக்கு கீழ பால்வீதியோட நடுப்பகுதி எந்திரிக்கும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மட்டும் எட்டரைக்கு முன்னாடி, மேக்க விழுந்துடும்.

மொட்டைமாடி_வேலூர்:

போயிட்டு வந்தாச்சு, ரிப்போர்ட் போடலனா திட்டுவீங்கன்னு தெரியும்.

ஏழு மணி வரைக்கும் மேக்க மேகம், சனி தானாவே கேன்சல், ராக்கோழி ப்ரோ வாய் முகூர்த்தம். ஏழே முக்காலுக்கு வியாழன் ஆரம்பிச்சோம், எட்டரைக்கு முடிக்க முடியல, ஒன்பது ஆயிடுச்சு. சாவி டப்பா ஐடியா சூப்பர், ஆனா ஒரு அண்ணன் ஸ்பேர் சாவி பாக்கெட்ல வச்சிருந்திருக்காரு, ஒன்பதரைக்கு அது மேல உக்காந்துட்டாரு, நாலு இண்டிகேட்டரும் ஹெட்லைட்டும் ஒண்ணா பளிச்சுனு அடிச்சுது, 27 பேரும் ஒரே குரல்ல கத்தினோம், நாய் வேற குலைக்க ஆரம்பிச்சிருச்சு. மறுபடி 20 நிமிஷம் எல்லாரும் தார்ப்பாய்ல மல்லாக்க படுத்துட்டு சுக்கு காப்பி குடிச்சோம், உண்மைய சொன்னா அந்த 20 நிமிஷத்துல தான் நிறைய பேரு மேல ஒழுங்கா பாத்தாங்க.

ஓரியன் நெபுலா பத்து மணிக்கு தான் போட்டேன். அதே அங்கிள் வந்தாரு, ஓரக்கண்ணு மேட்டர க்யூலயே சொல்லி வச்சிருந்தோம், குனிஞ்சு பாத்தாரு, ஒண்ணும் பேசல, பின்னாடி இருந்தவங்க "சார் நகருங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னப்பறம் தான் நகந்தாரு, போயி க்யூ கடைசில திரும்ப நின்னுட்டாரு. அழுக்கு பத்தி நானா கேக்கல.

பசங்கள்ல ஒம்பது பேரு பத்தரைக்கே தூங்கிட்டாங்க, முழிச்சிருந்த ரெண்டு பேரும் ரெண்டாவது தடவ வரைஞ்சதுல ஒரு நிலா கிளியரா தள்ளிப் போயிருந்துச்சு, நோட்ட வச்சு பெரியவங்க எல்லாரையும் எழுப்பி காட்டினாங்க. சிவா வந்தாரு, வேன் போர்வைக்குள்ள தான் உக்காந்திருந்தாரு பாவம். பன்னண்டுக்கு ஐபீஸ் மூடிக்குச்சு, சட்டப் பை வைத்தியம் வேல செஞ்சுது.

ஒமேகா சென்டாரி வரைக்கும் தாங்கினது அஞ்சு பேரு. ரெண்டரை இருக்கும், முதல்ல ரவை கொட்டின மாதிரி மங்கலா இருந்துச்சு, அப்பறம் ஒவ்வொரு மணியா தனித்தனியா பிரிஞ்சு தெரிய ஆரம்பிச்சுது, நானே மூணு நிமிஷம் யாருக்கும் விடாம பாத்துட்டேன், திட்டு வாங்கினேன்.

அடுத்தது பங்குனி அமாவாசைக்கு பக்கத்து சனிக்கிழமை. யார்கிட்டயாவது 32 எம்எம் ஐபீஸ் விக்கிறதுக்கு இருந்தா சொல்லுங்க, வேலூர் சுத்துவட்டாரம்னா நானே வந்து வாங்கிக்கிறேன்.