முகப்பில் 1973

குடும்ப அரட்டைக் குழு: எங்கட உரும்பிராய் வீடு (யாழ்ப்பாணம்)
சனிக்கிழமை

நான்: (படம்) பெயின்ற் அடிக்க வந்தவர் கேட்கிறார், முகப்பில் சீமெந்தில் பொறித்த 1973-ஐ அப்படியே விடுவதா, பூசி மட்டமாக்குவதா என்று. மத்தியானத்துக்குள் சொல்லுங்கோ.

மச்சாள் (ரொறன்ரோ): தொடாதே!!

பெரியம்மா: விடச் சொல்லு மோனே. அப்பு பக்கத்தில் நின்று பொறிப்பித்தது. வெங்காயக் காசில் கட்டின வீடு

நான்: சரி, விடச் சொல்லிவிட்டேன். நீல நிறமா பச்சையா என்று மட்டும் யாரும் தொடங்க வேண்டாம்.

தம்பி (பாரிஸ்): எனக்கு ஒரு சந்தேகம். 1973 என்றால் பஞ்ச காலம் என்றுதானே மாமா எப்பவும் சொல்லுவார்? பாணுக்குக் கியூ, மூன்று நேரமும் மரவள்ளிக்கிழங்கு என்று. அந்த நேரத்தில் அப்பு எப்படி வீடு கட்டினவர்?

கொழும்பு மாமா: பஞ்சம் எனக்கு. வீடு அவைக்கு 😄

கொழும்பு மாமா: பகிடி இல்லை, உண்மை. நான் அப்போது வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த கிளாக்கர். 73 கடைசியிலும் 74இலும் விடிய நாலு மணிக்கு எழும்பிப் பேக்கரிக்கு முன்னால் போய் நிற்போம். பேக்கரிக் கதவு திறக்க ஆறு மணியாகும். ஆளுக்கு அரை றாத்தல். சில நாள் எனக்கு முன்னால் நாலு பேர் நிற்கும்போது பாண் முடிந்துவிடும். கந்தோரில் பாதிப் பேர் நித்திரை தூங்கிக்கொண்டு இருப்பார்கள், மேலதிகாரியும் ஒன்றும் கேட்கமாட்டார், அவரும் எங்கேயோ கியூவில் நின்றுவிட்டுத்தான் வந்திருப்பார்.

நான்: 2022இல் பெற்றோலுக்கு நின்ற மாதிரி.

கொழும்பு மாமா: அதற்கு நீங்கள் காருக்குள் இருந்தீர்கள், கையில் போன் வேறு. எங்களுக்கு நுளம்புதான் துணை.

மச்சாள் (ரொறன்ரோ): ஏன் மாமா அப்படித் தட்டுப்பாடு வந்தது? மகள் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

கொழும்பு மாமா: 1970 மே தேர்தலில் ஸ்ரீமாவோ அம்மையாரின் கூட்டு முன்னணி வந்தது. சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டுவந்து பங்கீட்டுக் கூப்பனுக்கு இரண்டு கொத்து (படி மாதிரி ஓர் அளவு) தருவோம் என்ற பேச்சு. வந்த உடனே தந்ததும் உண்மைதான். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கொத்து இலவசம், இரண்டாவது கொத்து 75 சதம். ஆனால் தேயிலை விற்று வருகிற அந்நியச் செலாவணி போதாது. அதனால் இறக்குமதியை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு உலகச் சந்தையில் அரிசி விலையும் கோதுமை விலையும் ஏறிவிட்டது. அதற்கு மேல் 73 ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. இலவச அரிசியைப் பாதியாக்கினார்கள், சீனியை வெட்டினார்கள், மாவுக்கும் தட்டுப்பாடு. 72இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஒருவர் மாதம் 2000 ரூபாய்க்கு மேல் வருமானத்தைக் கையில் வைத்திருக்க முடியாது. எனக்கு அந்தக் கவலை மட்டும் இருக்கவில்லை.

தம்பி (பாரிஸ்): 😂😂

நான்: பெரியம்மா பக்கத்தில் இருக்கிறா. தட்டி முடியாதாம், அவ சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்.

நான்: "கொழும்பு அண்ணை சொல்லுகிற அதே இறக்குமதித் தடைதான் எங்களுக்கு வாழ்வு தந்தது. முந்தி இந்தியாவில் இருந்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் கப்பல் கப்பலாக வரும். அப்பு மாட்டு வண்டிலில் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு முகம் தொங்க வருவார். அது நின்ற பிறகு, லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு முதலாளிமாரின் ஆட்கள் பாத்தியில் வெங்காயம் நிற்கும்போதே விலை பேசிவிட்டுப் போவார்கள். துலா மிதித்து இறைத்த கிணற்றுக்கு மண்ணெண்ணெய் மிசின் வந்தது. விடிய விடிய அதன் சத்தம்தான், ஊரெல்லாம் இறைப்பு."

நான்: "விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் கூரை வளையில் தூக்கிவிடுவோம். பழைய வீட்டில் அறை, விறாந்தை, சாமியறை என்று ஒரு இடம் மிச்சமில்லை. கீழே பாயை விரித்துப் படுத்தால் மேலே இருந்து சருகு கொட்டும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், உன் தலைமயிரில் வெங்காய மணம் அடிக்குது என்று இடம் மாறிப்போய் இருந்தவள். அடுத்த வருடம் அவள் வீட்டிலும் தூக்கினார்கள்."

மச்சாள் (ரொறன்ரோ): பெரியம்மா இதை ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லையே!

பெரியம்மா: ஆர் கேட்டது

கொழும்பு மாமா: ஒரு லொறி வெங்காயம் ஏற்றினால் என்னுடைய ஒரு வருடச் சம்பளம் என்று ஆச்சி குத்திக் காட்டுவா. அதற்கு முதல் உத்தியோகக்காரன் என்றால்தான் மாப்பிள்ளை. அந்த நாலைந்து வருடம் மட்டும் தரகர்மார் வேறு மாதிரிக் கதைத்தார்கள். "பொடியனுக்கு வன்னியில், முத்தையன்கட்டில் மிளகாய்த் தோட்டம், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார்." கந்தோர்க் கதிரை கொஞ்சம் கீழே இறங்கின காலம்.

தம்பி (பாரிஸ்): காசு வந்தது சரி, ஏன் உடனே வீடு? வங்கியில் போடவில்லையா?

நான்: இதற்குப் பெரியம்மா சிரிக்கிறா. "1970 ஐப்பசியில் நிதி மந்திரி என்.எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள் இனிச் செல்லாது, வங்கியில் கொண்டுவந்து கொடுங்கோ என்று அறிவித்தார். அப்பு பெட்டகத்துக்குள் சீலைக்கு அடியில் நூறு ரூபாய்த் தாள்கள் வைத்திருந்தவர். இரவிரவாக எண்ணினார். ஆச்சி விளக்குப் பிடித்தா. விடிய வங்கிக்குப் போனால் ஊர் முழுக்க அங்கே நிற்குது. ஆரிடம் எவ்வளவு இருக்கு என்று அன்றைக்குத்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிந்தது. அதற்குப் பிறகு அப்பு தாளை நம்பவில்லை. காசு வந்தால் ஒன்று பவுண், இல்லாவிட்டால் சீமெந்து."

மச்சாள் (ரொறன்ரோ): சீமெந்துக்கும் தட்டுப்பாடு இருந்திருக்குமே?

பெரியம்மா: காங்கேசன்துறைச் சீமெந்து. பக்கத்து ஊர்

நான்: கண்ணாடி கிடைக்கவில்லையாம், அதனால்தான் யன்னல் எல்லாம் மரப்பலகையில் போட்டது. அதைத்தான் போன தடவை வந்த மச்சாள் "பாரம்பரியக் கலை" என்று படம் எடுத்துப் போட்டவ.

மச்சாள் (ரொறன்ரோ): 🙈

சித்தப்பா (லண்டன்): இப்பதான் எழும்பினேன். 97 செய்தி. என்ன, ஆராவது செத்துப்போனார்களா?

கொழும்பு மாமா: இல்லை, 73ஐ எழுப்பிக்கொண்டு இருக்கிறோம்.

சித்தப்பா (லண்டன்): வாசித்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் வெங்காயத்தையும் பாணையும் பற்றி அடிபடுகிறீர்கள். எங்களுக்குப் பரந்தனில் வயல். சோற்றுக்குக் குறைவில்லை, ஆனால் அதை ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முடியாது. ஒருத்தர் இரண்டு கொத்து அரிசிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். பஸ்ஸை மறித்துப் பையைக் கிண்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு அரிசி கொடுக்க அம்மா ஒரு வழி கண்டுபிடித்தா. நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் பஸ்ஸில் தள்ளித் தள்ளி இருக்க வேணும், ஆளுக்கு ஒரு பை, பைக்குள் இரண்டு கொத்து. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி. கடைக்குட்டித் தம்பி ஆனையிறவில் பொலிஸ் ஏறின உடனே "அம்மா" என்று கத்தினான். அம்மா யன்னலால் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா, திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சிதான் அவனைத் தூக்கி மடியில் வைத்து, ஓம் ராசா அம்மா இங்கே என்று சமாளித்தவ.

தம்பி (பாரிஸ்): சித்தப்பா 😂😂😂 இது படமாகவே எடுக்கலாம்.

சித்தப்பா (லண்டன்): அந்த ஆச்சியின் மடிக்குள்ளும் அரிசி இருந்தது, அது வேறு கதை.

தம்பி (பாரிஸ்): சாப்பாட்டுக் கதை போதும். பொழுதுபோக்கு என்ன?

சித்தப்பா (லண்டன்): றேடியோ. காலையில் பொங்கும் பூம்புனல், அதை வைத்துத்தான் எத்தனை மணி என்று தெரியும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா கதைக்கத் தொடங்கினால் மூச்சு எங்கே விடுகிறார் என்று பந்தயம் பிடிப்போம். கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே". பெரிய ஆட்களுக்குப் பிடிக்காது, இதெல்லாம் ஒரு பாட்டா என்பார்கள். ஆனால் பேரப்பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போது அவர்களுடைய வாயிலும் அதுதான் வரும்.

கொழும்பு மாமா: இந்தியச் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. பழைய விகடன், குமுதம் எல்லாம் அட்டை கிழிந்து நூலாகிற வரைக்கும் கைமாறும். எனக்கு முதலில் கோபம்தான். ஆனால் அதனால்தான் நம்முடைய எழுத்துக்கு ஒரு இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேணும். டொமினிக் ஜீவாவின் மல்லிகை, சுந்தரின் சிரித்திரன், வீரகேசரிக்காரர் போட்ட நாவல்கள். சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தின் பகிடிக்காகவே சிரித்திரனைத் தேடி வாங்குவோம். 72இல் குத்துவிளக்கு என்று நம்முடைய தமிழ்ப் படமும் வந்தது.

சித்தப்பா (லண்டன்): உடுப்பு மறந்துவிட்டீர்கள். சீத்தைத் துணிக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் அடிபட்ட காலத்தில்தான் பெல்பொட்டம் வந்தது. வீட்டில் துணி இல்லை, ஆனால் காலுக்குக் கீழே தெருக்கூட்டுகிற அளவுக்குத் துணி. என் அப்பா தையல்காரரிடம் போய், கீழே மிச்சம் விட்டதை வெட்டித் தந்தால் இவன் தம்பிக்கு ஒரு காற்சட்டை தைக்கலாமே என்று கேட்டவர்.

மச்சாள் (ரொறன்ரோ): பள்ளிக்கூடக் கொப்பி பற்றி அம்மா ஏதோ சொல்லுவா…

நான்: பெரியம்மா: "வாழைச்சேனைக் கடதாசி. மண்ணிறம், அங்கங்கே வைக்கோல் துண்டு தெரியும். மை ஊறி அடுத்த பக்கத்துக்கும் போய்விடும். அதனால் ஒரு பக்கத்தில்தான் எழுதலாம். இன்னொன்று, 71 வரைக்கும் எங்களுக்கு ஞாயிறு லீவு இல்லை. போயாவுக்குத்தான் லீவு. சந்திரன் வளருகிறதையும் தேய்கிறதையும் பார்த்துக் கிழமைக் கடைசி வரும். ஒருமுறை செவ்வாயில், ஒருமுறை வியாழனில். வேதக்காரப் பிள்ளைகள் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு ஓடி வருவார்கள்."

தம்பி (பாரிஸ்): என்னது, சந்திரனைப் பார்த்தா லீவு?! முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

கொழும்பு மாமா: சீனிக் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. தேத்தண்ணிக்குள் சீனி போட்டால் கட்டாது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. ஊருக்கு வந்தால் பனங்கட்டிக் குட்டான் கிடைக்கும், ஒரு கடி, ஒரு மிடறு. திரும்பிப் போகும்போது யாழ்தேவி ரயிலில் ஒரு குட்டானும் பத்துப் பிடி வெங்காயமும் கட்டிக்கொண்டு போவேன். வெள்ளவத்தை வீட்டுக்கார அம்மா அந்த மாதம் வாடகை பற்றிக் கதைக்கமாட்டா.

அண்ணி (கிளிநொச்சி): எல்லாம் வாசிச்சேன். நான் ஒன்று சொல்லலாமா?

பெரியம்மா: சொல்லு பிள்ளை

அண்ணி (கிளிநொச்சி): எங்க அம்மா 74இல்தான் ஹட்டன் பக்கம் இருந்த எஸ்டேட்டில் இருந்து விசுவமடு வந்தாங்க. அப்போ அவங்களுக்கு பதினொரு வயசு. எஸ்டேட்டில் சாப்பாடே மாவுதான், ரொட்டிதான். மாவை வெட்டின பிறகு ஒன்றும் இல்லை. வேலையும் வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள். கொழுந்து பறிச்ச கையால சேமங்கீரை, காட்டுக் கிழங்கு என்று தேடிச் சாப்பிட்டாங்களாம். அம்மாவோட தம்பி ஒன்று அங்கேயே போயிட்டாரு, மூன்று வயசு. தொழிலாளர் லயத்தில் அந்த ஒரு வருஷத்தில் நிறைய பேர். அப்புறம்தான் வடக்கே மிளகாய்த் தோட்டத்தில் கூலி கிடைக்குது என்று கேள்விப்பட்டு, தாத்தா பானை சட்டியைக் கட்டிக்கிட்டு ரயில் ஏறினாரு.

அண்ணி (கிளிநொச்சி): மிளகாய்ப்பழம் ஆயிற வேலை. பிஞ்சுக் கை, எரிச்சல் தாங்காது. ராத்திரி தேங்காயெண்ணெய் கேட்டா அதுக்கும் காசு. பாட்டி சாணிக் கரைசலில் கையை வைக்கச் சொல்வாங்களாம். கூப்பன் பதிவு மலையிலேயே இருந்ததால கூப்பன் அரிசியும் இல்லை. சில நாள் கூலிக்குப் பதிலா அரிசி கொடுப்பாங்க, அதுதான் நல்ல நாள் என்று அம்மா சொல்வாங்க.

(பத்து நிமிடம் யாரும் ஒன்றும் எழுதவில்லை.)

கொழும்பு மாமா: நான் அரை றாத்தல் பாணைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

பெரியம்மா: எங்கட தோட்டத்துக்கும் வந்தவை

நான்: பெரியம்மா சொல்லுறா: "74 வெங்காயம் கிண்டும்போது ஒரு குடும்பம் வந்து பின் கொட்டிலில் இருந்தவை. தாயும் மூன்று பெண் பிள்ளைகளும். ஆச்சி அவைக்குத் தனிச் சிரட்டையில்தான் தேத்தண்ணி கொடுத்தவ. எனக்கு அப்போது பதினாறு வயது, பார்த்துக்கொண்டு நின்றனான், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு அத்திவாரத்துக்குக் கல் சுமந்ததும் அந்தத் தாய்தான்."

மச்சாள் (ரொறன்ரோ): வீடு 73 என்று போட்டிருக்கே?

நான்: பெரியம்மா: "முகப்பு 73. பின் அறைகளும் குசினியும் 74, 75இல் கட்டினது. அதற்கு ஆண்டு பொறிக்கவில்லை."

சித்தப்பா (லண்டன்): 77இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்த உடனே வெங்காய விலை விழுந்தது. முத்தையன்கட்டு மோட்டார் சைக்கிள்கள் பாதி விலைக்குப் போயின. தோட்டத்துக் கூலியாட்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் ஆரும் கேட்கவில்லை என்பதும் சரிதான்.

அண்ணி (கிளிநொச்சி): எங்க ஆட்கள் அங்கேயே காடு வெட்டி இருந்துட்டாங்க மாமா. போக இடம் இல்லையே.

பெரியம்மா: பிள்ளை அம்மாவோட கதைக்க வேணும். நம்பர் போடு

மச்சாள் (ரொறன்ரோ): தனியாக வேண்டாம் பெரியம்மா, நாளைக்கு வீடியோ அழைப்பு வைப்போம். இலங்கை நேரம் இரவு எட்டு மணி. எனக்குக் காலை பத்தரை. மகளும் இருப்பாள், அவளும் கேட்கட்டும்.

தம்பி (பாரிஸ்): இங்கே நாலரை. வருகிறேன்.

அண்ணி (கிளிநொச்சி): அம்மா சரி என்றாங்க. ஆனா அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கக் கூடாது.

கொழும்பு மாமா: அது இந்தக் குடும்பத்தில் நடக்கிற காரியமா பிள்ளை?