லூயி பாடி டிமென்ஷியா: ரிவாஸ்டிக்மின் பேட்ச் ஒட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, லூயி பாடி டிமென்ஷியா (நினைவுக் குழப்பத்தோடு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் உடம்பு விறைப்பும் வரும் மூளை நோய்). சாயங்காலமானால் திண்ணையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, அவர்களுக்கும் காபி எடுத்து வைக்கச் சொல்கிறார். விறைப்புக்காகத் தரும் லெவோடோபா மருந்தைக் கூட்டியதும் இது அதிகமாகிவிட்டது; குறைத்தால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

போன மாதம் காய்ச்சலுக்குச் சேர்த்த இடத்தில், கத்துகிறார் என்று, அமைதிப்படுத்தும் ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. இந்த நோய்க்கு அந்த மருந்து ஆகவே ஆகாது. தயவுசெய்து உங்கள் வீட்டு ஃபைலிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

இப்போது நினைவுக் குழப்பத்துக்கு ரிவாஸ்டிக்மின் மாத்திரை தருகிறோம். குமட்டலில் சாப்பாடே இறங்கவில்லை. அதே மருந்தைத் தோலில் ஒட்டும் பேட்ச்சுக்கு மாறியவர்களுக்குக் குமட்டல் குறைந்ததா? அப்புறம், ராத்திரிக்குக் குறைந்த அளவில், மனப்பிரமையைத் தணிக்கும் குவெட்டியாபின் தந்து பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கொடுத்தவர்கள் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டேன்.