உடைந்த பழைய இழைப்புளியை மெழுகு வார்ப்பில் மறுபடி எடுக்க முடியுமா?

மரத்தூள்:
என்னிடம் வார்ப்பிரும்பில் செய்த பழைய சிறிய இழைப்புளி ஒன்று இருக்கிறது. நீளம் 110 மி.மீ., அலகின் அகலம் 25 மி.மீ. வாயை (அலகு வெளியே நீளும் இடுக்கை) ஒட்டிய பக்கச் சுவரில் விரிசல். அலகைப் பிடித்து நிறுத்தும் ஆப்பை இறுக்கினால் விரிசலும் வாயைத் திறக்கிறது. புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வருபவர்கள் சிரமப்பட வேண்டாம், இதன் பிடி வேறெதிலும் இல்லை. விரிசலை அடைத்து, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, மெழுகுப் பிரதி செய்து, அதைச் சுற்றிப் பிளாஸ்டர் அச்சு கட்டி, மெழுகை எரித்துவிட்டு அந்த இடத்தில் பித்தளையை வார்க்க எண்ணம். அளவு எவ்வளவு சுருங்கும்?

மூசை:
பித்தளை வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். பித்தளையை ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவருவதற்குள் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல். 10 சதவீதம் வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் எடுங்கள்.

மெழுகு ஏறத்தாழ 1 சதவீதமும், வெண்கலம் 1.5 சதவீதமும் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் 3 மி.மீ. குறைந்தால் யாருக்கும் தெரியாது. சிக்கல் உள்ளே இருக்கிறது: சுவர்களுக்கு நடுவே இப்போது 25.5 மி.மீ. இடைவெளி இருந்தால் வார்ப்பில் அது 24.9 ஆகிவிடும். உங்கள் அலகு நுழையவே நுழையாது! ஆகவே மெழுகிலேயே உட்சுவர்களைச் சுரண்டி அகலப்படுத்துங்கள். வெளிப்பக்கம் மெழுகுத் தகடு ஒட்டிக் கனம் கூட்டுங்கள். அடிப்பரப்பிலும் அலகு சாயும் பரப்பிலும் ஒரு மி.மீ. கூடுதலாக விடுங்கள். இரண்டும் நேராக வராது, அரத்தில் ராவித்தான் ஆக வேண்டும்.

வாயை மெழுகில் திறக்காதீர்கள். அந்த இடுக்கில் நிற்கும் மெல்லிய பிளாஸ்டர் நாக்கு உலோகம் பாயும்போது ஒடிந்துவிடும். மூடியே வார்த்துவிட்டுப் பிறகு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம்.

மரத்தூள்:
நன்றி ஐயா. வெண்கலத்துக்குப் பதில் வார்ப்பிரும்பிலேயே ஊற்றினால் அசலைப் போல இருக்குமே? ஜிப்சம் கலந்த வார்ப்புப் பிளாஸ்டர் கைவசம் உண்டு.

சூட்டுக்கோல்:
அந்தப் பிளாஸ்டர் இரும்பின் சூட்டைத் தாங்காது. ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு வெளியேறும். வார்ப்பெல்லாம் பொத்தல் விழும். இரும்புக்குச் செராமிக் ஓடு கட்ட வேண்டும், அது தனி வேலை. வெண்கலத்துக்கே அச்சை 730 டிகிரிக்கு மேல் சுடாதீர்கள். மெழுகு முழுவதும் எரிந்த பிறகு 500க்கு அருகில் இறக்கி ஊற்றுங்கள்.

ஊற்றுவாயைக் கனமான மூக்குப் பக்கம் வையுங்கள், மெல்லிய சுவரில் அல்ல. கனமான இடம் கடைசியாக உறையும். உறையும்போது இழுக்க அதற்கு உலோகம் வேண்டும், கிடைக்காவிட்டால் உள்ளே குழி விழும்.

மூசை:
உலோகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊற்றுவாய், காற்றுவழி எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு மெழுகை எடை போட்டு, அந்த எடையை 9.3 ஆல் பெருக்குங்கள். அதற்கு மேலும் கொஞ்சம் மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) இருக்கட்டும். பாதியில் தீர்ந்தால் இரண்டாம் முறை ஊற்றி ஒட்ட வைக்க முடியாது.