தெருநாய்கள் சூழ்ந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறோம். வீட்டில் ராஜபாளையம் நாய், நல்ல பலசாலி. மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் சரியாக இருக்கிறது. கழிவை அள்ளப் பழைய செய்தித்தாள் எப்போதும் கையில் உண்டு. தார் ரோடு சூடேறினால் பாதம் பொசுங்கும் என்பதால் விடியற்காலையிலேயே அவனை நடத்திக் கூட்டிப்போகக் கிளம்பிவிடுவோம்.

சிக்கல் தெருமுனையில்தான். நான்கைந்து தெருநாய்கள் குரைத்துக்கொண்டே சூழ்ந்துகொள்கின்றன. ஓடினால் துரத்தும் என்பதால் அசையாமல் நிற்கிறேன். இவனோ இழுக்கிற இழுப்பில் என் தோள்பட்டையைக் கழற்றிவிடுவான் போலிருக்கிறது. மார்புப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ் (கழுத்துப் பட்டைக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) போட்டால் இழுப்பு குறையும் என்கிறார்கள். ராஜபாளையத்துக்கு யாராவது போட்டுப் பார்த்தீர்களா? ஒல்லியான உடம்பு, உருவிக்கொண்டு ஓடிவிடுமோ என்று பயம்.

கல்லெறியச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அது அவற்றின் தெரு. அப்புறம், நாய்க்குப் போடும் வாய்மூடியில் மூச்சு முட்டாத வகை எது?