புயல் நெருங்கும்போது ஊருக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது?

கேள்வி: சிங்காரத்தோப்பு_குழு

கடலூர் கடலோர வார்டு ஒன்றில் முதல்நிலை மீட்பாளர்களாகப் பதிவு செய்தவர்கள் நாங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வருவதை வாட்ஸ்அப்பிலும் ஆட்டோ மைக்கிலும் ஊருக்குக் கொண்டுசேர்ப்பது எங்கள் வேலை. ‘தென்மேற்கு வங்கக்கடலில், புதுச்சேரிக்குத் தென்கிழக்கே 310 கி.மீ. தொலைவில் மையம் கொண்டு மேற்கு வடமேற்காக நகர்கிறது’ என்று வருவதை அப்படியே அனுப்பினால் யாரும் அசைவதில்லை. கொஞ்சம் அழுத்திச் சொன்னால் பீதி கிளப்புகிறோம் என்கிறார்கள். கேட்க விரும்புவது: எந்தக் கட்டத்தில் எதைச் சொல்வது? துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணை ஊருக்குச் சொல்வதில் பயன் உண்டா? செய்தி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: கொண்டல்

முதலில் கட்டங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு படியாகத் தருகிறது. சுமார் 72 மணி நேரம் முன்பு வருவது முன்னறிவிப்பு, அது அதிகாரிகளுக்கு. 48 மணிக்கு முன் மஞ்சள், 24 மணிக்கு முன் ஆரஞ்சு, கரை கடக்க 12 மணி இருக்கும்போது சிவப்பு. மாவட்ட மழைக்குத் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வேறு வரிசை. ஊரில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் வெறும் ‘ரெட் அலர்ட்’ என்று மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள். மழைக்கா, புயலுக்கா என்று சேர்த்தே எழுதுங்கள்.

ஆனால் உங்கள் கடிகாரம் அந்த 12 மணியில் தொடங்கக் கூடாது. கரை கடக்கும் நேரத்தை ஊருக்குச் சொன்னால், அதுவரை நேரம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஓடு பறக்கும் காற்று அதற்குப் பல மணி முன்பே வந்துவிடும். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நள்ளிரவு 12-க்குக் கடக்கும் என்கிறார்கள், வேகம் மணிக்கு 15 கி.மீ., பலத்த காற்று மையத்திலிருந்து 100 கி.மீ. வரை பரவியிருக்கிறது என்று வையுங்கள். 100-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 மணி நேரம். ஆக மாலை 5-க்கே காற்று பிடித்துவிடும். நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்குள் இருட்டு. குழந்தை, முதியவர், ஆடு மாடு எல்லாம் கிளம்ப இரண்டு மணி நேரம். எனவே ஊருக்குச் சொல்ல வேண்டிய மணி நள்ளிரவு 12 இல்லை, ‘மதியம் 3-க்குள் நிவாரண மையத்தில் இருக்க வேண்டும்’ என்பது. கரை கடக்கும் நேரத்தைச் செய்தியில் போடவே வேண்டாம் என்பது என் கட்சி. டிவியில் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: புயலாகிவிட்டால் வானிலைத் துறையிடமிருந்து 3 மணி நேரத்துக்கு ஒரு செய்தி, கரையை நெருங்கும்போது மணி நேரத்துக்கு ஒன்று. ஆனால் ‘காலை 8.30 நிலவரப்படி’ என்பது உங்கள் கைக்கு வரும்போது 10 ஆகியிருக்கும். 130 கி.மீ. தொலைவில் இருந்தது அதற்குள் 20 கி.மீ. நெருங்கியிருக்கும். தூரத்தை அனுப்புவதானால் எந்த மணியின் நிலவரம் என்பதையும் கூடவே அனுப்புங்கள்.

பதில்: வாடைக்காலம்

கூண்டு பற்றி. அது கப்பலுக்கும் படகுக்கும் ஏற்றுவது, தெருவுக்கு அல்ல. பெரிய குழப்பம் எங்கே என்றால், எண் ஏற ஏறப் புயல் வலுக்கிறது என்று நினைப்பது. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம், மாறுவது பக்கம்தான். துறைமுகம் புயலின் இடப்பக்கம் படும்படி கடந்தால் 5, வலப்பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ என்றால் 7. கடும் புயலுக்கு அதே வரிசை 8, 9, 10. பதினொன்று என்பது எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு.

அந்தப் பக்கம் நமக்கு முக்கியம். கிழக்கிலிருந்து மேற்கே வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. நம் ஊருக்குத் தெற்கே புயல் கடந்தால் வாடையாக (வடகாற்றாக) அடித்த காற்று கொண்டலாக (கீழ்க்காற்றாக) திரும்பி, கடலைக் கரைமேல் தள்ளும். வடக்கே கடந்தால் வாடை மேற்கே சாய்ந்து, நிலத்திலிருந்து வீசும் கச்சானாகும். நீர் கரையை விட்டு விலகும், மரமும் ஓடும்தான் போகும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் படகுக்காரர்களிடமும் கிலோமீட்டர் கணக்குப் பேசுவதைவிட இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘இந்த முறை கொண்டல் திரும்பும், தண்ணீர் ஏறும்.’ ஒரு நொடியில் புரியும். கண் நேராக மேலே வந்தால் காற்று அடங்கும். அரை மணியோ ஒரு மணியோ கழித்து எதிர்த் திசையிலிருந்து முழு வேகத்தில் திரும்பும். படகு பார்க்கக் கரைக்கு ஓடுவது அந்த இடைவெளியில்தான். இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அந்த நேரத்தில் மைக் வேலை செய்யாது.

‘கடல் 1 மீட்டர் உயரும்’ என்ற வரியும் அப்படியே போகக் கூடாது. அந்த 1 மீட்டர், வழக்கமான ஓத (கடல்நீர் ஏறி வற்றும்) உயரத்துக்கு மேல். உச்ச ஓத நேரத்தோடு சேர்ந்தால் ஒரு கதை, வற்றும் நேரத்தில் வந்தால் வேறு கதை. அலை அதற்கும் மேலே. உப்பனாறு, கெடிலம் ஆறுகளின் முகத்துவாரங்களில் கடல்நீர் அப்போது உள்ளே தள்ளும். பெய்த மழை வெளியேற முடியாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். ‘1 மீட்டர்’ என்று எழுதாமல் ‘சோனாங்குப்பம் கரைத் தெருக்களில் இடுப்பளவு’ என்று எழுதலாம். ஆனால் அந்தத் தெருவின் தரைமட்டத்தை முன்பே அளந்து வைத்திருந்தால் மட்டும். அளக்காமல் எழுதினால் அது ஊகம்.

வரைபடத்தில் வரும் கூம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புயலின் அகலம் அல்ல, மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதன் எல்லை. அமெரிக்கச் சூறாவளி மையத்தின் கூம்பிலேயே மூன்றில் இரண்டு பங்கு தடவைதான் மையம் உள்ளே அடங்கும். 2004 ஆகஸ்ட் 13-இல் சார்லி சூறாவளி வந்தபோது ஃபுளோரிடாவில் எல்லாரும் நடுக்கோடு காட்டிய தாம்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புயல் தெற்கே பன்ட்டா கோர்டா பக்கம் ஏறியது. அந்த ஊரும் கூம்புக்குள்தான் இருந்தது. குழுவில் படம் போடுவதானால் நடுக்கோடு இல்லாத படத்தைப் போடுங்கள்.

பதில்: நோணாங்குப்பம்_பாலம்

மேலே இருவரும் காற்றையும் கடலையும் சொல்லிவிட்டார்கள். இந்தக் கரையில் ஆளைக் கவிழ்ப்பது ‘வலுவிழந்தது’ என்கிற செய்தி.

2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மணிக்கு 120-140 கி.மீ. காற்றோடு கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்தன. அன்றிலிருந்து இங்கே எல்லாருக்கும் அளவுகோல் தானேதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே 70-80 கி.மீ. வேகத்தில்தான் கடந்தது. இரண்டு நாள் முன்பு, 28-ஆம் தேதி, அது புயலாகாமல் தாழ்வு மண்டலமாகவே கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள், 29-இல் புயலானது. ‘தானேயையே பார்த்தாச்சு, இது என்ன’ என்று இருந்தவர்கள் நிறைய. கடந்த பிறகு அது நகராமல் புதுச்சேரி மேலேயே நின்றது. டிசம்பர் 1 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் இராணுவம் இறங்கி ஆட்களை வெளியேற்றியது. மறுநாள், டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து திறந்தது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி. தென்பெண்ணை கடலூருக்குள் ஏறியது வானத்தில் புயலே இல்லாதபோது.

ஆக, ‘கரையைக் கடந்தது’ என்று அனுப்பும் அதே செய்தியில் அடுத்து வருவதை எழுதுங்கள். மழை இன்னும் எத்தனை மணி, எந்த ஆறு, மேலே எந்த அணை. கடலூருக்குச் சாத்தனூர்த் திறப்பு எவ்வளவு, திருக்கோவிலூரில் நீர் எப்படி என்று பார்ப்பது மையத்தின் தூரத்தைப் பார்ப்பதைவிட மேல். சொல்லும்போது கன அடியை யாருக்கும் நீட்ட வேண்டாம். எந்த ஊர் எந்த மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பது போதும்.

மழை அளவுக்கும் இதுதான். 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் ‘அதி கனமழை’. வெறும் பெயர் கேட்டால் ‘மிக கனமழை’யிலிருந்து ஒரு படி என்றுதான் தோன்றும். இப்படிச் சொல்லுங்கள்: 20 செ.மீ. மழை என்றால் 3 சென்ட் மனையில் மட்டும் 24,000 லிட்டர். இரண்டு பெரிய தண்ணி லாரியை உங்கள் வாசலில் கவிழ்த்தது போல. வாய்க்கால் அடைத்திருந்தால் அது எங்கே போகும் என்று அவர்களே யோசிப்பார்கள்.

பாகூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை: ஒரு தெரு புதுச்சேரி, அடுத்தது கடலூர் மாவட்டம். இரண்டு நிர்வாகம், இரண்டு அறிவிப்பு, சில சமயம் இரண்டு வெவ்வேறு விடுமுறை. செய்தியின் முதல் சொல்லே எந்த நிர்வாகத்தின் அறிவிப்பு என்பதாக இருக்கட்டும்.

பதில்: மைக்செட்

நீளம் கேட்டீர்கள். எஸ்எம்எஸ் என்றால் தமிழுக்கு 70 குறி, ஆங்கிலத்துக்கு 160. தாண்டினால் துண்டு துண்டாக, துண்டுக்கு 67. இதில் ‘கூ’ என்பது ஒன்றல்ல, இரண்டு குறி. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் கணக்கு. ஆக ஒரு துண்டுக்கு எட்டுச் சொல் வந்தால் பெரிது. நெட்வொர்க் திணறும்போது துண்டுகள் முன்னும் பின்னுமாக வரும், ஒன்று வராமலும் போகும். அதனால் செயல் முதல் துண்டில், காரணம் இரண்டாவதில். வணக்கம், ‘பொதுமக்கள் கவனத்திற்கு’ எல்லாம் வெட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுத்தும் 30 விநாடிக் குரல் பதிவும் சேர்த்து அனுப்புங்கள். கண் தெரியாத பாட்டிக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குரல்தான். படமாக அனுப்பினால் சிக்னல் குறைந்த நேரத்தில் இறங்காது. ஒவ்வொன்றிலும் தேதி, மணி, ‘இது இத்தனை மணி வரை மட்டும்’ என்று காலாவதி. இது இல்லாத செய்தி மறுநாளும் அடுத்த வருடமும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபெஞ்சல் படமே அடுத்த புயலுக்கும் வரும், பாருங்கள்.

ஆட்டோ மைக்: மணிக்கு 10 கி.மீ. போனால் ஒரு விநாடிக்கு 2.8 மீட்டர். 15 விநாடி வாக்கியம் முடிவதற்குள் 40 மீட்டர் தாண்டியிருப்பீர்கள். முதல் வீட்டுக்குத் தலை, கடைசி வீட்டுக்கு வால். முனைக்கு முனை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டு தடவை சொல்லுங்கள். காற்று ஏறிய பிறகு மைக் வீண். மசூதி, கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளுக்கு முன்கூட்டியே பேசி வைத்து, மின்சாரம் நிறுத்துவார்கள் என்பதால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயராகப் பாருங்கள். போன் டவர்களும் பேட்டரி தீர்ந்தால் படுத்துவிடும். கடைசி முக்கியச் செய்தி மின்சாரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பதில்: பழைய_துறைமுகம்

எல்லாம் சரி, ஆனால் கூட்டிச் சொல்லாவிட்டால் ஆள் நகராது. ‘வீடு இருக்காது’ என்று சொன்னால்தான் கிளம்புவான்.

பதில்: கொண்டல்

ஒரு தடவை கிளம்புவார், ஐயா. வீடு நின்றிருந்தால் அடுத்த தடவை நீங்கள் கூப்பிடும்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். இது சட்டச் சிக்கலும்கூட: 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ஆம் பிரிவில் பொய்யான எச்சரிக்கை பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். வெளியேற்ற உத்தரவு ஆட்சியருடையது, தன்னார்வலருடையது அல்ல.

ஆள் நகராததற்குப் பயம் குறைவு காரணமாக இருப்பது அரிது. ஆட்டை என்ன செய்வது, வலையை யார் பார்ப்பது, பூட்டிய வீட்டில் திருட்டு, மையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா: இவற்றுக்குப் பதில் இல்லாமல் ‘கிளம்பு’ என்றால் கிளம்பமாட்டார்கள். எந்தப் பள்ளி, எந்த வாசல் திறந்திருக்கிறது, ஜெனரேட்டர் உண்டா, ஆடு மாடு எங்கே கட்டலாம், தெருக் காவலுக்கு யார் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். புயல் தவறிப் போனால் மறுநாளே ஏன் தவறியது என்று இரண்டு வரி அனுப்புங்கள். அதைச் செய்பவர்கள் சொல்வதை ஊர் கேட்கிறது.

வெளிநாட்டு இணையதளத்தைக் காட்டி ‘அவன் 150 என்கிறான், நம்ம ஆள் மறைக்கிறான்’ என்று வருவார்கள். நம் துறை 3 நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறது, அமெரிக்கக் கடற்படை மையம் 1 நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு அவர்கள் எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். வேகம் இரட்டித்தால் சுவரைத் தள்ளும் அழுத்தம் நான்கு மடங்கு என்பதைச் சொல்வது இந்தச் சண்டையைவிடப் பயன்.

சிங்காரத்தோப்பு_குழு

மிக்க நன்றி. ஒரு மாதிரி எழுதினோம், பார்த்துச் சொல்லுங்கள்:

‘கடலூர் மாவட்ட நிர்வாகம். கடற்கரைத் தெருக்கள் இன்று 3 மணிக்குள் நகராட்சிப் பள்ளிக்குச் செல்லவும். இரவு கடல்நீர் தெருவில் ஏறும். பள்ளியில் கழிப்பறை, உணவு, ஜெனரேட்டர் உண்டு. ஆடு மாடு விளையாட்டுத் திடலில். உதவிக்கு 1077. அடுத்த செய்தி 6 மணிக்கு.’

பதில்: மைக்செட்

நன்று. மூன்று திருத்தம். ‘3 மணி’ என்பதை ‘மதியம் 3’ ஆக்குங்கள், 6-ஐ ‘மாலை 6’ ஆக்குங்கள். ‘இன்று’ வேண்டாம், தேதி போடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஃபார்வர்டு ஆனால் ‘இன்று’ வேறு நாளாகிவிடும். ‘கடற்கரைத் தெருக்கள்’ என்றால் மூன்றாவது தெருக்காரர் தன்னைச் சேர்க்கமாட்டார், தெருப் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். மாலை 6-க்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் ‘மாற்றம் இல்லை, மையத்திலேயே இருங்கள்’ என்று அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் புயல் போய்விட்டது என்று ஆட்கள் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கிவிடுவார்கள்.