முன்னங்கால் உடைஞ்ச ஆடு, மாடு, நாய்: வைத்தியம் பார்த்தவங்க அனுபவத்த எழுதுங்க

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து எழுதுறேன். எங்க உம்பளச்சேரி இனக் கன்னுக்குட்டி, பொறந்த செவலை நிறம்கூட இன்னும் மாறல, மதகுப் பலகை சந்துல முன்னங்கால விட்டு மிரண்டு இழுத்துடுச்சு. முட்டிக்குக் கீழ எலும்பு மடங்கித் தொங்குது, நல்லவேளை தோல் கிழியல. பக்கத்து வீட்டு பெரியப்பா மூங்கி பத்தையும் எண்ணெய்த் துணியும் எடுத்துக்கிட்டு ஓடியாந்தார், பாசத்துல வந்தவர்தான், ஆனா கயித்தால இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்னு குளம்பு வரைக்கும் ஜில்லுனு ஆகி காலே அழுகிப்போன மாட்ட இந்த ஊர்லயே பார்த்திருக்கேன், அதனால பஞ்ச நல்லா மெத்துனு சுத்தி அதுக்கு மேல பத்தைய வெச்சு துணியால அசையாத அளவுக்கு மட்டும் கட்டிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டோம். வந்த டாக்டர் வலிக்கு ஊசி போட்டுட்டு ஒரத்தநாடு கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோங்கன்னார்.

அங்க எக்ஸ்ரே எடுத்துட்டு, கன்னு எலும்பு சீக்கிரம் கூடும், தோலும் கிழியல, ஆபரேஷன் பண்ணி எலும்புல பிளேட் வெக்க வேணாம், மாவுக்கட்டே போதும்னாங்க. மயக்கத்துக்கு சைலசின் ஊசி, மாட்டுக்கு அது ரொம்பக் கொஞ்சமே போதுமாம். குளம்பு ஓரத்துல ஓட்டை போட்டு கம்பி கோத்து ஒருத்தர் நேரா இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தர் பஞ்சு சுத்தி மாவுக்குப் பதிலா பைபர்கிளாஸ் ரோல தண்ணியில முக்கி முக்கிச் சுத்துனார். குளம்பையும் உள்ள விட்டு முட்டிக்கு மேல வரைக்கும் கட்டு. உடைஞ்ச எடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையக்கூடாதுன்னு அவர் சொன்னத எல்லாரும் மனசுல வெச்சுக்கணும்.

---

கும்பகோணம். எங்களோடது பொமரேனியன், கட்டில்லேர்ந்து குதிச்சதுல மணிக்கட்டுக்கு மேல ரெண்டு எலும்பும் போச்சு. ஒரு எடத்துல வெறும் கட்டு போட்டு அனுப்பிட்டாங்க, எலும்பு கூடவே இல்ல. சின்ன ஜாதி நாய்க்கு அந்த எடத்துல ரத்த ஓட்டம் கம்மி, கட்டு மட்டும் போட்டா கூடாம போறது சகஜம்னு அப்புறம் பார்த்த சர்ஜன் சொல்லி, ஆபரேஷன் பண்ணி பிளேட்டும் ஸ்க்ரூவும் வெச்சார். உள்ள நீளமா கம்பி விடலாமான்னு கேட்டதுக்கு, இந்த எலும்புல விட்டா மூட்டு கெடும், தோளுக்குக் கீழ இருக்குற எலும்புக்குன்னா சரின்னார். இப்ப ஓடுறான், மாடிப்படி மட்டும் விடுறதில்ல.

---

திருத்துறைப்பூண்டி. எங்க ஆட்டுக்கு டில்லர் ஏறி எலும்பு தோல கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சு. அந்தப் புண்ண கட்டுக்குள்ள மூடுனா ஈ முட்டை விட்டு புழு வெச்சுடும். அதனால எலும்புல குறுக்க ஊசிக் கம்பிங்கள ஏத்தி வெளிப்பக்கமா ஒரு ராடுல மாட்டிவிட்டாங்க, புண்ணு திறந்தே இருந்துச்சு, தினம் கழுவி மருந்து வெக்க வசதி. கம்பி தோலுக்குள்ள போற எடத்தையும் சேர்த்து தொடைக்கணும். மன்னார்குடி அண்ணே, அடைமழையில கன்னு கால்ல போட்ட கட்ட நனையாம எப்படி காப்பாத்துனீங்க?

---

கொட்டகையில மணல் மேட்டுல வைக்கோல் பரப்பி, வெளிய இறக்குனா மட்டும் யூரியா சாக்கு உள்பையக் கட்டிவிட்டேன் தம்பி. பைபர்கிளாஸ் ஓடு நனைஞ்சா ஊறாது, ஆனா உள்ள இருக்குற பஞ்சு ஈரமானா தோல் வெந்துடும். தினமும் மோந்து பார்ப்பேன், நாத்தம் வந்தாலோ கட்டுக்கு மேல வீங்குனாலோ ஒடனே பிரிச்சாகணும். வளர்ற கன்னுங்குறதால கட்டு இறுகுதுன்னு நடுவுல ஒருதடவ கூப்ட்டு புதுசா மாத்துனாங்க.